வீட்டுக் கடன் மேசையில் உங்கள் ஆள் யார்?

வீடு வாங்கப் போகிறவரைச் சுற்றி ஆறேழு பேர் சேர்ந்துவிடுவார்கள். விற்பவர், தரகர், வங்கியின் கடன் அதிகாரி, வங்கி வழக்கறிஞர், வீட்டுக்கு விலை போடும் மதிப்பீட்டாளர், காப்பீடு விற்க வந்தவர். எல்லோரும் உங்களிடம் அன்பாகத்தான் பேசுவார்கள். அவர்களில் பலர் நல்லவர்களும்கூட. ஆனால் ஒவ்வொருவருக்கும் காசு எங்கிருந்து வருகிறது, எப்போது வருகிறது என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். தரகருக்குப் பேரம் முடிந்தால்தான் வருமானம். கடன் அதிகாரிக்கு மாத இலக்கு இருக்கிறது. மதிப்பீட்டாளருக்கும் வழக்கறிஞருக்கும் கட்டணம் உங்கள் பையிலிருந்து போனாலும் அவர்கள் அறிக்கை எழுதுவது வங்கிக்கு. அந்தத் தாளில் உங்களுக்காக மட்டும் வேலை செய்கிறவர் என்று பெரும்பாலும் ஒருவர்கூட இருக்க மாட்டார். நீங்களே ஒருவரைக் காசு கொடுத்து அமர்த்தினால்தான் உண்டு.

முதல்முறை வாங்குகிறவர்கள் மாட்டிக்கொள்ளும் இன்னொரு இடம், வரிசை. கடனைப் பற்றி விசாரிப்பதற்கு முன்பே வீட்டைப் பார்த்து மனசைக் கொடுத்துவிடுகிறார்கள். பத்திரத்தைப் பார்ப்பதற்கு முன்பே முன்பணத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். அதனால் கீழே இருப்பதை அதே வரிசையில் செய்யுங்கள். நாட்டுக்கு நாடு சட்டம் மாறும், தாள்களின் பெயர் மாறும். வரிசை பெரிதாக மாறாது.

1. உங்கள் எண்ணை நீங்களே கண்டுபிடியுங்கள்

வங்கியிடம் போனால் 'உங்களுக்கு இவ்வளவு வரை கிடைக்கும்' என்று ஒரு தொகை சொல்வார்கள். அது உங்களால் நிம்மதியாகக் கட்ட முடிந்த தொகை இல்லை. உங்கள் வருமானத்தையும், நீங்கள் கட்டத் தவறினால் வீட்டை விற்று எடுக்க முடிந்த பணத்தையும் வைத்து வங்கி தனக்காகப் போட்ட உச்சவரம்பு. இரண்டுக்கும் நடுவில்தான் பிள்ளைகளின் படிப்பும் அப்பா அம்மாவின் மருத்துவச் செலவும் இருக்கின்றன.

அமெரிக்காவில் கடன் கொடுப்பவர்களிடம் 28/36 என்று ஒரு பழைய கணக்கு உண்டு. வீட்டுக்கான மாதச் செலவு மொத்த வருமானத்தில் 28 சதவீதத்தையும், எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து 36 சதவீதத்தையும் தாண்டக் கூடாது என்பது அது. இன்று பல வங்கிகள் இதைத் தாண்டிக் கொடுக்கின்றன. தருகிறார்கள் என்பதற்காக வாங்க வேண்டுமா என்ன?

சதவீதத்தைவிட நல்ல சோதனை ஒன்று இருக்கிறது. இப்போது கட்டும் வாடகைக்கும், வரப்போகும் தவணைக்கும் உள்ள வித்தியாசத்தை ஆறு மாதம் தனிக் கணக்கில் போட்டுப் பாருங்கள். பராமரிப்புக்கென்று அதன் மேல் கொஞ்சம் சேர்த்துப் போடுங்கள். மூன்றாவது மாதத்திலேயே அந்தக் கணக்கிலிருந்து எடுக்க வேண்டி வந்தால் விடை கிடைத்துவிட்டது. எடுக்காமல் ஓட்டிவிட்டால், கையில் கொஞ்சம் பணமும் சேர்ந்திருக்கும்.

அப்புறம் விலைக்கு மேல் வரும் செலவுகள். முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம், வழக்கறிஞர், மதிப்பீடு, வங்கியின் பரிசீலனைக் கட்டணம், காப்பீடு, குடிபோகும் செலவு, போன கையோடு செய்ய வேண்டிய பழுதுபார்ப்பு. இவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் கடன் கிடைக்காது, கைக்காசுதான். விலையில் கடன் போக மீதிப் பங்குக்கே சேமிப்பு முழுவதையும் துடைத்து எடுக்கிறவர்கள் இங்கேதான் தனிநபர் கடன், கிரெடிட் கார்டு என்று இறங்குகிறார்கள். ஆறு மாதச் செலவுக்கான பணத்தைத் தொடவே தொடாதீர்கள். அதைத் தொட்டால்தான் வீடு வாங்க முடியும் என்றால், இந்த வருடம் வாங்க வேண்டாம்.

2. வங்கி பார்ப்பதற்கு முன் உங்கள் கடன் அறிக்கையை நீங்கள் பாருங்கள்

கடன் அறிக்கை என்பது நீங்கள் வாங்கிய கடன்களையும் அவற்றைக் கட்டிய விதத்தையும் காட்டும் பதிவு. அதில் தவறு இருப்பது அபூர்வமான விஷயம் இல்லை. அடைத்து முடித்த கடன் இன்னும் நிலுவை என்று காட்டும். அதே பெயருள்ள இன்னொருவரின் கடன் உங்கள் தலையில் இருக்கும். திருத்தக் கேட்டு எழுதினால் வாரக்கணக்கில் ஆகும் என்பதால், வீடு தேட ஆரம்பிப்பதற்கு நாலைந்து மாதம் முன்பே பார்த்துவிடுவது நல்லது.

சொந்தத் தொழில் செய்கிறவர்களுக்கு ஒரு தனிச் சிக்கல். வரி குறைய வேண்டும் என்று கணக்கில் வருமானத்தைக் குறைத்துக் காட்டியிருப்பார்கள். வங்கி அதே இரண்டு மூன்று வருட வரிக் கணக்கைத்தான் கேட்கும். இந்த வருடம் வீடு என்றால், அதற்கான கணக்கை மூன்று வருடம் முன்பே சரியாக எழுதத் தொடங்கியிருக்க வேண்டும்.

கடன் அனுமதி வந்த நாளிலிருந்து பணம் கைக்கு வரும் நாள் வரை புதுக் கடன் எதுவும் வேண்டாம். தவணையில் சோபா வாங்கி, கடைசி வாரத்தில் கடன் தொகை குறைந்துபோனவர்கள் உண்டு. வங்கி கடைசியில் மறுபடி ஒருமுறை அறிக்கையை எடுத்துப் பார்க்கும்.

3. வீட்டுக்கு முன் கடன்

கொள்கை அளவிலான கடன் அனுமதியைக் கையில் வைத்துக்கொண்டு வீடு தேடுங்கள். விற்பவரும் உங்களை மதிப்பார், உங்கள் எல்லை எதுவென்று உங்களுக்கும் தெரியும். குறைந்தது மூன்று இடத்தில் கேளுங்கள். கூடுமானவரை ஒரே நாளில் கேளுங்கள், ஏனென்றால் வட்டி நாளுக்கு நாள் மாறும். வேறுவேறு நாளில் வாங்கிய எண்களை ஒப்பிட்டுப் பயனில்லை.

ஒப்பிடும்போது விளம்பரத்தில் இருக்கும் வட்டியை மட்டும் பார்க்காதீர்கள். கட்டணங்களையும் உள்ளடக்கிய ஆண்டுச் சதவீதம் என்னவென்று கேட்டு வாங்குங்கள். 'ஃபிளாட் வட்டி' என்று யாராவது சொன்னால் கால்குலேட்டரை எடுங்கள். ஃபிளாட் என்றால் அசல் குறையக் குறைய வட்டி குறையாது, முதல் நாள் தொகைக்கே கடைசிவரை வட்டி. 20 வருடத்துக்கு 5 சதவீத ஃபிளாட் என்பதும், அசல் குறையும் முறையில் ஏறத்தாழ 8 சதவீதம் என்பதும் ஒரே தவணைதான். கேட்பதற்கு முதலாவது எவ்வளவு மலிவாக இருக்கிறது பாருங்கள்.

ஒப்பிடுவதற்கு வசதியாகச் சில நாடுகள் தாளையே ஒரே மாதிரி ஆக்கிவிட்டன. அமெரிக்காவில் 2015 அக்டோபரிலிருந்து, விண்ணப்பித்த மூன்று வேலை நாளுக்குள் மூன்று பக்கக் கடன் மதிப்பீடு ஒன்றைக் கொடுத்தாக வேண்டும். எந்த வங்கியானாலும் அதே கட்டம், அதே வரிசை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2014ஆம் ஆண்டு அடமானக் கடன் உத்தரவு, கடன் வாங்குகிறவருக்கு யோசிக்கவோ பின்வாங்கவோ குறைந்தது ஏழு நாள் தர வேண்டும் என்கிறது. உங்கள் நாட்டில் இப்படி ஒரு தாள் இல்லையென்றால் நீங்களே ஒரு கட்டம் போடுங்கள்: வட்டி, அது மாறும் விதம், பரிசீலனைக் கட்டணம், சட்டக் கட்டணம், முன்கூட்டி அடைத்தால் அபராதம், கட்டாயக் காப்பீடு. மூன்று வங்கிகளும் அதை நிரப்பட்டும். நிரப்ப மாட்டேன் என்கிற இடத்தில் கடன் வாங்காதீர்கள்.

காப்பீட்டைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் விலையில் 20 சதவீதத்துக்குக் குறைவாகக் கைக்காசு போட்டால் வழக்கமாகத் தனியார் அடமானக் காப்பீடு எடுக்கச் சொல்வார்கள். பிரீமியம் கட்டுவது நீங்கள், காப்பாற்றப்படுவது வங்கி. நீங்கள் தவணை தவறினால் நட்டஈடு அவர்களுக்குத்தான். பல பேர் இதைத் தங்கள் காப்பீடு என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கடன் பாக்கி வீட்டின் மூல மதிப்பில் 80 சதவீதத்துக்கு இறங்கியதும் இதை நிறுத்தக் கேட்கலாம் என்கிறது அந்த நாட்டின் 1998ஆம் ஆண்டுச் சட்டம். கேட்காவிட்டால் 78 சதவீதம் வரை ஓடும். இன்னொரு வகை, கடனோடு ஒட்டி விற்கப்படும் ஆயுள் காப்பீடு. குடும்பத்தில் சம்பாதிப்பவர் ஒருவர்தான் என்றால் ஆயுள் காப்பீடு தேவைதான். ஆனால் முழுப் பிரீமியத்தையும் ஒரே அடியாகக் கடனில் சேர்த்துவிட்டு, அதற்கும் 20 வருடம் வட்டி வாங்கும் முறைக்குத் தலையாட்டாதீர்கள். அதே பாதுகாப்பை வெளியில் தனியாக எடுத்தால் என்ன விலை என்று ஒருமுறை கேட்டுவிட்டு வாருங்கள்.

4. தவணைக்குள் என்ன நடக்கிறது

இதைப் புரிந்துகொள்ள ஒரு மணி நேரம் செலவழியுங்கள். வீடு பார்க்க அலையும் எந்த ஞாயிற்றுக்கிழமையைவிடவும் இந்த ஒரு மணி நேரம் பணம் மிச்சப்படுத்தும்.

1,00,000 கடன் என்று வைத்துக்கொள்வோம். எந்த நாணயமாகவும் இருக்கட்டும். 8 சதவீத வட்டி, 20 வருடம். மாதத் தவணை 836 வரும். முதல் மாதம் அதில் வட்டி 667, அசலுக்குப் போவது 169தான். ஐந்து வருடம் ஒரு நாள்கூடத் தவறாமல் கட்டிய பிறகு நீங்கள் கொடுத்திருப்பது 50,000க்கும் கொஞ்சம் மேல். கடனில் குறைந்திருப்பதோ 12,500கூட இல்லை. பாதிக் கடன் அடைய பதிமூன்றரை வருடம் ஆகிறது. முடியும்போது மொத்தம் 2,00,700 கட்டியிருப்பீர்கள். இதில் ஏமாற்று எதுவும் இல்லை, பாக்கி இருக்கும் தொகைக்குத்தான் வட்டி. தொடக்கத்தில் பாக்கி அதிகம், அவ்வளவுதான்.

இதிலிருந்தே இரண்டு விஷயம் கிடைக்கிறது. கூடுதலாகக் கட்ட நினைத்தால் ஆரம்ப வருடங்களில் கட்டுங்கள். இதே கடனில் வருடத்துக்கு ஒரே ஒரு தவணை அதிகமாகப் போட்டுவந்தால் ஏறத்தாழ மூன்று வருடம் முன்பே கடன் முடிந்துவிடும். இன்னொன்று, காலத்தை நீட்டுவது. 20 வருடத்தை 30 ஆக்கினால் தவணை 836இலிருந்து 734க்கு இறங்கும். நூறு மிச்சம் என்று மனசு துள்ளும். மொத்தம் கட்டுவது 2,64,000 ஆகிவிடும். 'தவணை குறைவாக வரும் மாதிரி போட்டுக்கொடுக்கிறேன் சார்' என்று கடன் அதிகாரி சொல்வது இதைத்தான்.

இனி நிலையான வட்டியா, மாறும் வட்டியா? வீட்டுக் கடனில் நான் பார்த்த பெரிய குழப்பம் இதுதான். அதோடு, 'நிலையான' என்ற சொல்லுக்கு ஊருக்கு ஊர் பொருள் வேறு. அமெரிக்காவிலும் டென்மார்க்கிலும் 30 வருடமும் மாறாத வட்டி சாதாரணமாகக் கிடைக்கும். பிரிட்டனில் நிலையான வட்டி என்றால் பெரும்பாலும் இரண்டு அல்லது ஐந்து வருடம், அப்புறம் மாறும். இந்தியாவில் பெரும்பாலும் மாறும் வட்டிதான். ஆகவே 'ஃபிக்ஸட்' என்றதும் நிம்மதியாகிவிடாமல் 'எத்தனை வருடத்துக்கு?' என்று கேளுங்கள். அதன் பிறகு எதை வைத்து வட்டி மாறும், உச்சவரம்பு உண்டா என்பதையும் கேளுங்கள்.

மாறும் வட்டி ஏறும்போது பல வங்கிகள் தவணையை ஏற்றாமல் காலத்தை நீட்டிவிடுகின்றன. வாடிக்கையாளருக்கு உடனே வலிக்காது. நம் 8 சதவீதக் கடன் முதல் வருடத்திலேயே 9 ஆகிறது, தவணை அதே 836 என்று வையுங்கள். 20 வருடக் கடன் 25 வருடம் 4 மாதக் கடனாகிறது. அதுவே 10 ஆனால்? மாத வட்டி மட்டும் 833. அசலுக்கு மூன்று ரூபாயோ மூன்று டாலரோதான் மிஞ்சும். கடன் முடிய 56 வருடம். நீங்கள் தவணை கட்டிக்கொண்டே இருப்பீர்கள், கடன் அசையாமல் உட்கார்ந்திருக்கும். இந்திய ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில், வட்டி மாறும்போது தவணையும் காலமும் எப்படி மாறுகின்றன என்பதைத் தெரிவிக்க வேண்டும், தவணையை ஏற்றுவதா காலத்தை நீட்டுவதா என்ற தேர்வைக் கடன் வாங்கியவரிடம் விட வேண்டும் என்று சொன்னது இதனால்தான். முடிந்தவரை தவணையை ஏற்றிக்கொள்ளுங்கள். வருடத்துக்கு ஒருமுறை கணக்கு அறிக்கையை எடுத்து 'இன்னும் எத்தனை மாதம்' என்ற எண்ணை மட்டுமாவது பாருங்கள்.

என் கருத்து: வட்டி 2 சதவீதம் ஏறினால் வரும் தவணையை இன்றைய சம்பளத்தில் கட்ட முடியுமா என்று பாருங்கள். நம் கணக்கில் அது 836 இல்லை, 965. முடியுமென்றால் மாறும் வட்டி பரவாயில்லை. முடியாதென்றால், அதிக விலையானாலும் நீண்ட கால நிலையான வட்டி, அல்லது சின்ன வீடு. முதல் சில வருடம் மட்டும் குறைந்த வட்டி காட்டி அப்புறம் ஏறுகிற கடன்களை நம்பி வாங்கியவர்கள் அமெரிக்காவில் 2007, 2008இல் என்ன பாடுபட்டார்கள் என்பது தெரிந்த கதை. 'அதற்குள் வீட்டு விலை ஏறிவிடும், வேறு கடனுக்கு மாறிக்கொள்ளலாம்' என்றுதான் அவர்களுக்கும் சொல்லப்பட்டது. விலை இறங்கியதும் மாறிக்கொள்ள வழியில்லாமல் போனது.

வெளிநாட்டில் சம்பாதிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எந்த நாணயத்தில் சம்பளமோ அந்த நாணயத்திலேயே கடனும் இருக்கட்டும். ஹங்கேரியிலும் போலந்திலும் வட்டி குறைவு என்று சுவிஸ் ஃபிராங்கில் வீட்டுக் கடன் வாங்கியவர்கள் ஏராளம். சம்பளம் உள்ளூர் நாணயத்தில். ஃபிராங்க் மதிப்பு ஏறஏற அவர்களின் கடனும் ஏறியது. 2015 ஜனவரி 15 அன்று சுவிஸ் மத்திய வங்கி, ஒரு யூரோ 1.20 ஃபிராங்குக்குக் கீழே இறங்காமல் பிடித்து வைத்திருந்த வரம்பைக் கைவிட்டதும், போலந்துக்காரர்களின் கடன் அவர்கள் நாணயக் கணக்கில் ஒரே நாளில் பருத்துவிட்டது. வருடக்கணக்காகக் கட்டியும் வாங்கிய தொகையைவிடப் பாக்கி அதிகமாக இருந்த வீடுகள் உண்டு.

5. வீடு பார்ப்பது

இதை உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒன்றே ஒன்று: மழை பெய்யும் நாளில் ஒருமுறை, இரவில் ஒருமுறை போய்ப் பாருங்கள். பழைய வீடென்றால் ஒரு பொறியாளருக்குக் காசு கொடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். வங்கி மதிப்பீட்டாளர் வந்து பார்த்தாரே என்று இருந்துவிட வேண்டாம். அவர் பார்ப்பது இந்த வீட்டை விற்றால் வங்கிக்குக் கடன் தொகை திரும்பக் கிடைக்குமா என்பதை. கூரை ஒழுகுகிறதா என்பது அவர் கேள்வியே இல்லை.

6. பத்திரம்

உலகில் நில உரிமையைப் பதிவதில் பொதுவாக இரண்டு வழி. 1858இல் தெற்கு ஆஸ்திரேலியாவில் ராபர்ட் டோரன்ஸ் கொண்டுவந்த முறையில், அரசுப் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், அரசே அதற்கு உத்தரவாதம். இன்னொரு முறையில் பதிவாவது பத்திரம் மட்டுமே, உரிமை இல்லை. ஒருவர் இன்னொருவருக்கு விற்றதாக எழுதிய தாள் பதிவானது என்பதற்குத்தான் அலுவலக முத்திரை சாட்சி. விற்றவருக்கு விற்கும் உரிமை இருந்ததா என்று அந்த முத்திரை சொல்லாது. இந்தியா இந்த இரண்டாவது வகை. அமெரிக்காவின் பெரும்பகுதியும் அப்படித்தான், அதனால்தான் அங்கே உரிமைக் காப்பீடு என்று ஒரு தொழிலே நடக்கிறது. அதிலும் வங்கிக்கு ஒரு பாலிசி, வாங்குகிறவருக்கு ஒரு பாலிசி என்று தனித்தனி. வங்கி கட்டாயப்படுத்துவது தன் பாலிசியை மட்டும்.

நீங்கள் இரண்டாவது வகை நாட்டில் வாங்குகிறீர்கள் என்றால் தாய்ப்பத்திரத்திலிருந்து, அதாவது கிடைக்கும் மிகப் பழைய பத்திரத்திலிருந்து, இன்றுவரை கைமாறிய சங்கிலி அறுபடாமல் வருகிறதா என்று ஒருவர் உட்கார்ந்து படித்தாக வேண்டும். எங்கே அறுபடும்? பெரும்பாலும் ஒரு சாவில். அப்பா போன பிறகு அண்ணன் தம்பிகள் விற்றிருப்பார்கள், சகோதரியின் கையெழுத்து இருக்காது. அல்லது விற்பவர் உரிமையாளர் இல்லை, அவர் சார்பில் செயல்பட அதிகாரப் பத்திரம் (பவர்) வைத்திருப்பவர். பொது அதிகாரப் பத்திரத்தை மட்டும் காட்டி நடக்கும் விற்பனை உரிமையை மாற்றாது என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2011இல் சூரஜ் லாம்ப் வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. அதற்குப் பிறகும் அப்படி விற்க வருகிறவர்கள் இருக்கிறார்கள். அடுத்தது வில்லங்கம்: ஏற்கெனவே அடமானம், வழக்கு, வரி நிலுவை. அதற்கும் அடுத்தது, தாளில் இருக்கும் அளவும் தரையில் இருக்கும் அளவும் ஒன்றா என்பது.

'வங்கி வழக்கறிஞர் பார்த்துவிட்டார், அப்புறம் என்ன' என்பது நான் அதிகம் கேட்ட வாக்கியம். அவர் பார்த்தது வங்கிக்காக. அவர் கருத்து தப்பாகிப்போனால் பெரும்பாலும் நீங்கள் அவரைக் கேட்க முடியாது. கடனும் ரத்தாகாது, வீடு கைவிட்டுப் போனாலும் தவணை நிற்காது. ஆகவே உங்களுக்கென்று ஒரு வழக்கறிஞர், தரகர் கைகாட்டாத ஒருவர். வீட்டு விலையோடு ஒப்பிட்டால் அவர் கட்டணம் ஒன்றுமே இல்லை.

கட்டிக்கொண்டிருக்கும் வீடென்றால் கூடுதல் எச்சரிக்கை. இந்தியாவில் 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டப்படி, விதிவிலக்கான சிறு திட்டங்களைத் தவிர மற்றவை அந்தந்த மாநில ஆணையத்தில் பதிவாகியிருக்க வேண்டும். ஒப்பந்தம் எழுதிப் பதியாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கவும் கூடாது. எங்கே வாங்கினாலும், கட்டடம் வளர்ந்த அளவுக்குத்தான் வங்கி பணத்தை விடுவிக்க வேண்டும். மொத்தத் தொகையையும் முதலிலேயே கட்டுநருக்குக் கொடுத்துவிடும் திட்டங்களில், கட்டடம் நின்றுபோனால் கடன் மட்டும் உங்களோடு நிற்கும்.

7. முன்பணமும் ஒப்பந்தமும்

இங்கே என் சொந்தத் தப்பைச் சொல்கிறேன். முதல் வீட்டைப் பார்த்தபோது தரகர் 'இன்னொரு பார்ட்டி நாளைக்கு டோக்கன் போடுகிறார்' என்றார். அன்று மாலையே முன்பணம் கொடுத்தேன். ஒப்பந்தம் என்று இருந்தது வெள்ளைத் தாளில் நாலு வரி. மூன்று வாரம் கழித்து வழக்கறிஞர் பத்திரத்தைப் புரட்டியபோது, மேலே சொன்னேனே, அதே சகோதரி கையெழுத்து இல்லை. வங்கி கடன் தர மறுத்தது. விற்பவர் 'நீங்கள்தானே பின்வாங்குகிறீர்கள்' என்றார். அந்த நாலு வரியில் அதற்குப் பதில் எதுவும் இல்லை. பணம் திரும்பி வர ஒன்பது மாதம் ஆனது, அதுவும் முழுசாக வரவில்லை. அந்த 'இன்னொரு பார்ட்டி' யாரென்று இன்றுவரை தெரியாது.

அந்தத் தாளில் என்ன இருந்திருக்க வேண்டும்? இன்ன நாளுக்குள் கடன் கிடைக்காவிட்டால், பத்திரத்தில் குறை தெரிந்தால், முன்பணம் முழுதாகத் திரும்பும் என்ற நிபந்தனை. வங்கி மதிப்பீடு பேசிய விலைக்குக் கீழே வந்தால் என்ன செய்வது என்பதும்தான். இந்தக் கடைசி விஷயத்தைப் புதியவர்கள் எதிர்பார்ப்பதே இல்லை. வங்கி கடன் தருவது நீங்கள் பேசிய விலைக்கு இல்லை, அதன் மதிப்பீட்டாளர் போட்ட மதிப்புக்கு. 100க்குப் பேசி 80 சதவீதம் கடன் என்று கணக்குப் போட்டிருப்பீர்கள். மதிப்பீடு 90 என்று வந்தால் கடன் 72. இடையில் இருக்கும் 8ஐ நீங்கள்தான் கொண்டுவர வேண்டும். இல்லையென்றால் விற்பவரிடம் விலையைக் குறைக்கக் கேட்க வேண்டும். முன்பணம் எதுவானாலும் வங்கி வழியாகவே போகட்டும், ரசீது இல்லாத காசு வேண்டாம்.

8. கையெழுத்து நாள்

தாள்களை முந்தைய நாளே கேட்டு வாங்கிப் படியுங்கள். அமெரிக்காவில் இறுதிக் கணக்குத் தாளைக் கையெழுத்துக்கு மூன்று வேலை நாள் முன்பே தர வேண்டும் என்பது விதி. முதலில் தந்த மதிப்பீட்டுத் தாளையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரிக்கு வரி பாருங்கள். எண் மாறியிருந்தால் ஏன் என்று கேளுங்கள். எல்லோரும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், பார்க்கட்டும். காலியான கட்டம் உள்ள எந்தத் தாளிலும் கையெழுத்து வேண்டாம்.

பணம் அனுப்பும் விவரத்தில் இன்னும் கவனம் வேண்டும். வழக்கறிஞரின் மின்னஞ்சலுக்குள் திருடர்கள் புகுந்து, கடைசி நேரத்தில் 'வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இதற்கு அனுப்புங்கள்' என்று அவர் எழுதுவது போலவே எழுதும் மோசடி பல நாடுகளில் நடக்கிறது. கணக்கு மாறியதாக எந்தச் செய்தி வந்தாலும், அந்தச் செய்தியில் உள்ள எண்ணுக்கு இல்லாமல், உங்களிடம் முன்பே இருக்கும் எண்ணுக்குப் போன் போட்டுக் கேளுங்கள். அனுப்பிய பணம் திரும்புவது கடினம்.

இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு

தரகர்களும் கடன் முகவர்களும் இதைப் படித்தால் கோபப்பட வேண்டாம். உங்கள் காசு எங்கிருந்து வருகிறது என்பதை நீங்களே முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட்டால் பாதிச் சந்தேகம் போய்விடும். அமெரிக்காவில் 2024 ஆகஸ்டிலிருந்து, பெரும்பாலான முகவர்கள் வாங்குகிறவருக்கு வீட்டைக் காட்டுவதற்கு முன்பே தங்கள் கட்டணத்தை எழுதிக் கையெழுத்து வாங்கியாக வேண்டும் என்றாகிவிட்டது. விதி வருவதற்கு முன்பே அதைச் செய்தவர்கள் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. அப்புறம் வருமானத்தை 'கொஞ்சம் கூட்டிக் காட்டுங்கள், வேலை முடிந்துவிடும்' என்று வாடிக்கையாளரிடம் சொல்லாதீர்கள். கையெழுத்து அவருடையது, பொய்க்குச் சட்டப்படி மாட்டுவதும் அவர்தான். ஆதாரம் கேட்காமல் கொடுத்த அப்படிப்பட்ட கடன்களுக்கு அமெரிக்காவில் 'பொய்யர் கடன்' என்றே பெயர் வந்தது.

9. கடன் ஓடும்போது

கூடுதலாகக் கட்டும்போது 'இது அசலுக்கு' என்று எழுத்தில் சொல்லுங்கள், காலத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். அபராதம் உண்டா என்று முன்பே பார்த்திருப்பீர்கள். இந்தியாவில் தனிநபரின் மாறும் வட்டி வீட்டுக் கடனுக்கு 2012 முதல் அபராதம் கிடையாது. ஜெர்மனியில் நிலையான வட்டிக் காலத்துக்குள் அடைத்தால் வங்கி இழப்பீடு கேட்கும். ஆனால் முழுக் கடனும் கைக்கு வந்து பத்து வருடம் ஆகிவிட்டால் ஆறு மாத முன்னறிவிப்போடு இழப்பீடின்றி அடைக்கலாம்.

வேலை போனாலோ உடம்பு முடியாமல் போனாலோ, தவணை தவறுவதற்கு முன்பே வங்கியிடம் போய்ச் சொல்லுங்கள். வெட்கப்பட்டுக்கொண்டு போனை எடுக்காமல் இருப்பதுதான் மோசம். தவறுவதற்கு முன் கேட்டால் சில மாத அவகாசம், காலநீட்டிப்பு என்று வழிகள் இருக்கும். இந்தியாவில் 90 நாள் தாண்டி நிலுவை என்றால் கணக்கு வாராக்கடன் ஆகிவிடும், அதன் பிறகு பேசுகிற ஆளும் தொனியும் மாறிவிடும். அமெரிக்காவில் பொதுவாக 120 நாளுக்கு மேல் நிலுவை ஆனால்தான் வீட்டைப் பறிக்கும் நடவடிக்கையைத் தொடங்கலாம். இந்த நாட்கள் பேசுவதற்கான நாட்கள்.

10. கடைசித் தவணைக்குப் பிறகு

பழைய ஒத்தியில் கடன் கொடுத்தவர் வீட்டிலேயே இருந்து அனுபவிப்பார், கடன் தீர்ந்தால் வெளியே போவதைக் கண்ணால் பார்க்கலாம். இன்றைய அடமானம் கண்ணுக்குத் தெரியாது. வீட்டில் நீங்கள் இருப்பீர்கள், வங்கியின் பிடி பதிவேட்டில் இருக்கும். கடைசித் தவணை கட்டியதும் அது எப்போதும் தானாக அழிந்துவிடாது. கடன் தீர்ந்ததற்கான கடிதத்தை வாங்குங்கள். கொடுத்த மூலப் பத்திரங்கள் எல்லாம் திரும்பி வந்தனவா என்று, கடன் வாங்கிய அன்று எழுதி வைத்த பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அன்று பட்டியல் வாங்காதவர்கள் இன்றே வங்கியில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இந்தியாவில் 2023 டிசம்பர் 1 முதல், கடன் முழுதாக அடைந்த 30 நாளுக்குள் பத்திரங்களைத் திருப்பித் தராவிட்டால், தாமதம் வங்கியால் என்றால், நாளுக்கு 5,000 ரூபாய் அவர்கள் தர வேண்டும். அப்புறம் ஒரு மாதம் கழித்துப் பதிவேட்டில் வில்லங்கம் எடுத்துப் பாருங்கள். அடமானம் நீங்கியதாகப் பதிவு இருக்கிறதா? இல்லையென்றால் கடிதத்தோடு மறுபடி வங்கிக்குப் போக வேண்டும்.